பர்வீன் சேர்த்த குறி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று பழுதாகி எங்கள் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது பர்வீனின் கணவர் அழைத்தார். "பர்வீன் நம்மள விட்டுப் போயிட்டா சார்." ஆறு மாதமாகப் பர்வீனுக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும். வழி திறந்ததும், கல்லூரி நிறுத்தத்தில் இறங்காமல் நேராக அவர் ஊரான காரிமங்கலத்துக்குப் போனேன்.

அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். அது எங்களை எப்படிக் காப்பாற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் கணினி ஆசிரியர்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர்களுக்காகத் தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழி ஒன்றை நான் உருவாக்கினேன். எண்களைக் கூட்டவும் சொற்களை ஒட்டவும் அதில் ஒரே கூட்டல் குறிதான். முதல் நாளே பர்வீன் மறுத்தார். "கூட்டறது வேற, ஒட்டறது வேறங்க. ரெண்டுக்கும் ஒரே குறி போட்டா புள்ளைங்க எப்படிங்க கண்டுபுடிப்பாங்க?" குறிகள் குறைவாக இருந்தால்தான் பயம் போகும் என்று நான் அடம்பிடித்தேன்.

பிறகு உள்தேர்வு வந்தது. இருக்கைச் சீட்டுகளை எங்கள் மொழியிலேயே அச்சிட்டுக் காட்டுகிறேன் என்று பெருமையாக ஏற்றுக்கொண்டேன். அதுவரை எழுத்தால் குறித்து வந்த அறைகளுக்கு அந்த முறை எண் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் அறையின் பதினான்காம் இருக்கைக்கு 214 என்று வரவேண்டிய சீட்டு, 16 என்று வந்தது. மூன்றாம் அறையின் பதின்மூன்றாம் இருக்கைக்கும் 16! ஒரே நாற்காலிக்கு நான்கு பேர் நின்றார்கள். தேர்வு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

"அடுத்த செமஸ்டர்லருந்து இது வேண்டாங்க" என்றார் முதல்வர். நான் தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் நின்ற பர்வீன், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பத்து நாள் குடுங்க சார்" என்றார்.

கூட்டலை எண்களுக்கு மட்டும் விட்டுவிட்டு, ஒட்டுவதற்கென்று & குறியைச் சேர்த்தார். ஒரே வரியில் இரண்டும் வந்தால் முதலில் கூட்டல், அப்புறம்தான் ஒட்டல் என்று ஒழுங்கு வைத்தார். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மரம் என்பதோடு கள் சேர்த்தால் அதுவே 'மரங்கள்' என்று மாற்றிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒட்டச் சொன்னா ஒட்டணுங்க. அதுவா ஒண்ணை மாத்த ஆரம்பிச்சா, நாளைக்கு ஒருத்தர் பேரையே மாத்தி வச்சிரும்." அந்த முறை நான் வாதாடவில்லை.

பத்தாம் நாள் முதல்வர் ஆய்வகத்துக்கு வந்து, தானே உட்கார்ந்து தட்டினார். 2 & 14. திரையில் 214. நம்பாமல் 2 + 14 என்று தட்டினார். 16. கடைசியாக, மடக்கிவிடும் எண்ணத்தோடு, "மொத்தம் " & 2 + 14 என்று போட்டார். 'மொத்தம் 16' என்று வந்தது. பின்னால் நின்ற மாணவர்கள் விசிலடித்தார்கள். முதல் வரிசையில் இருந்த செல்வி என்ற மாணவி, "மேடம், நாம நெனச்சதையே செய்யுதுங்க!" என்று கத்தினாள். பர்வீன் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. முதல்வர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போய், அவர் ஆண்களுக்குக் கை கொடுப்பதில்லை என்பது நினைவு வந்து கும்பிட்டார். எங்கள் மொழி பிழைத்தது. இன்று இன்னும் இரண்டு கல்லூரிகளில் அதில் பாடம் நடக்கிறது.

என்னிடம் அவர் விட்டுப்போனது அறுபத்து மூன்று சோதனை நிரல்கள். மொழியில் யார் எதை மாற்றினாலும் அவை முதலில் ஓடும்; & குறி ஒழுங்காக ஒட்டுகிறதா என்று பார்க்கும். நேற்று, வேகம் கூட்டுகிறேன் என்று ஒரு மாற்றம் செய்தேன். ஒரு சோதனை சிவப்பாகித் தோற்றது. 'தர்ம', 'புரி' இரண்டையும் ஒட்டும் சோதனை அது. என் மாற்றம் நடுவே ஓர் இடைவெளியை விட்டிருந்தது. பர்வீன் மறுபடியும் ஜெயித்துவிட்டார். தப்பைத் திருத்தி மீண்டும் ஓட்டினேன்; அறுபத்து மூன்றும் பச்சையாக வந்தன.