துட்டி கேட்கப் போன நாள்

1935ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. மாசி பிறந்தும் பனி விடவில்லை. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. ராஜபாளையம் ரயில் நிலையத்தில் நானும் என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு நின்றோம். எங்களுக்குக் குழந்தைகள் ஐந்து. ஒன்றுகூட உடன் இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் கிளம்பியது அதுதான் முதல் தடவை. பிறகும் கிளம்பவில்லை.

நான் அப்போது ஒரு பஞ்சு அரைவை ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எஞ்சினில் ஏதோ உடைந்துவிட்டது. மதுரையிலிருந்து சாமான் வந்து சேரும் வரை ஆலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளமும் வேண்டாம் என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். வீட்டில் இருந்தபடி ஒழுகுகிற ஓடுகளை மாற்றலாம் என்று எண்ணியிருந்தேன். மத்தியானம் சோறு போடும்போது மனைவி பேச்சை எடுத்தாள்.

"நான் ஒண்ணு கேட்டா வையக்கூடாது."

"கேளு."

"வில்லிபுத்தூரு போயிட்டு வரணும்."

"அக்கா வீட்டுக்கா? போன மாசந்தான போனோம்?"

"மதினி வீட்டுக்கு இல்ல. வில்லிபுத்தூருக்கு."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள்.

"பதினேழு வருசமாப் போறேன், வாரேன். கோபுரத்த மதினி வீட்டு அடுப்படிச் சன்னல் வழியாத்தான் பாத்துருக்கேன். அதுவும் பாதிக் கோபுரம். மீதிய முருங்க மரம் மறைக்கி. ஒருநா, ஒரே ஒருநா, யாரு வீட்டு அடுப்படியிலயும் உக்காராம ஊரச் சுத்திப் பாக்கணும். பிள்ளைகளும் வேண்டாம். அதுக கூட வந்தா சோறு, தண்ணின்னு அங்கயும் அடுப்படிதான்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைச் செய்ய முடியாது என்பதிலும் நியாயம் இருந்தது. என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பின்னால் வீடு. அவள் கணவர், என் அத்தான், ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர்களுடைய மூத்த பையனுக்கு என் மூத்த பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. பங்குனியில் பரிசம், வைகாசியில் கல்யாணம். முறை மாப்பிள்ளை என்பதால் ரொக்கம் கிடையாது. ஐந்து பவுன் போட்டால் போதும் என்று அக்காவே சொல்லியிருந்தாள். அவள் ஊருக்குப் போய் அவள் வாசலை மிதிக்காமல் திரும்பினால் அவள் பொறுக்கமாட்டாள். மிதித்தாலோ, கையில் பலகாரம் வேண்டும், உட்கார வைப்பார்கள், அத்தான் தன் கட்சிக்காரர் ஒவ்வொருவரின் வழக்கையும் சொல்வார், என் மனைவி நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்புறம் கோபுரம் எங்கே?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இறந்தவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். துட்டிக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போவதில்லை. துட்டி கேட்டவர்கள் வேறொருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. நேரே வீடு திரும்பிக் குளிக்க வேண்டும். ஆகவே துட்டி என்று ஒரு பொய் சொன்னால் குழந்தைகளுக்கும் பதில் ஆயிற்று, அக்காவுக்கும் பதில் ஆயிற்று. என்னோடு ஆலையில் முன்பு எடை போட்டவர் ஒருவரின் தகப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"பரிசம் போடுற நேரத்துல சாவ வாயால சொல்லணுமா?"

"சொன்னா யாரும் செத்துருவானா? ஏட்டி, அப்பிடி ஒரு ஆளே கெடையாது."

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா வந்தாள். கிழவருக்கு என்ன வயசு என்று அவள் கேட்டபோது, தேவையே இல்லாமல், எண்பத்திரண்டு என்றேன். எனக்கு எதையும் எண்ணாமல் சொல்ல வராது.

துட்டிக்குப் போகிறவள் நல்ல புடவை கட்ட முடியாது. சாயம் போன ஒரு புடவையில், வெறுந்தலையோடுதான் அவள் ரயிலேறினாள். ஆனால் முகம் அந்தப் புடவைக்குப் பொருந்தவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு நான் எண்பத்திரண்டு வயசுக் கிழவர் துட்டிக்கு என்று சொல்ல, அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் ஆறுதல் சொன்னார். "பெரிய சாவு தானம்மா, மனசத் தேத்திக்க" என்றார்.

நிலையத்திலிருந்து குதிரை வண்டிக்கு மூன்றணா. நடக்கலாம் என்றேன். "மதினி வீட்டுக்குப் போறப்பத்தான் எப்பவும் நடக்கோமே" என்றாள். ஏறினேன்.

கோபுரத்தின் முன்னால் நின்று நிலைகளை எண்ணினேன். பதினொன்று வந்தது. அவள் பன்னிரண்டு என்றாள். வாசலையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். வாசல் நிலை ஆகாது என்றேன். "வாசல் இல்லாம எப்பிடி உள்ள போவிய?" என்றாள். இரண்டு தடவை எண்ணிக் காட்டியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு எரிச்சல்தான்.

பிறகு தேர். ஓலை போட்டு மூடி நின்றது. சக்கரம் அவளைவிட உயரம். அவள் அதன் பக்கத்தில் போய் நின்று, கையைத் தூக்கி விளிம்பைத் தொட முடியுமா என்று பார்த்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள் தெருவில் எம்பிக் குதிப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கோயிலுக்குள்ளும் போனோம். துட்டிக்கு வந்தவர்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்பது எனக்கு நினைவு இருந்தது. ஆனால் யாருமே சாகவில்லை என்பதும் நினைவு இருந்தது. அர்ச்சனைக்கும் தேங்காய்க்கும் இரண்டரை அணா. சந்தனம் கொடுத்தார்கள். நான் நெற்றியில் இட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் அரையணாவுக்குப் பூ வாங்கினாள்.

"துட்டிக்கு வந்தவ பூவா வைப்ப?"

"இங்க யாரு பாக்கா? ரயிலேறுறதுக்கு முந்தி எடுத்துருதேன்."

திருமுக்குளத்துப் படியில் செத்த நேரம் உட்கார்ந்தோம். பனி விலகி வெயில் ஏறிவிட்டது. பசி வந்தது. கோர்ட்டுப் பக்கம் போகாமல், சுற்று வழியாக ஒரு காப்பி கிளப்புக்கு அவளைக் கூட்டிப் போனேன். பிராமணர் அல்லாத எங்களைப் போன்றவர்களுக்குப் பின்கட்டில் தனியாக இடம் விட்டிருந்தார்கள். அங்கே பெண்பிள்ளை என்று அவள் ஒருத்திதான். இட்லி வந்தது. பிறகு, அவளே ஆளைக் கூப்பிட்டு, கேசரி கேட்டாள். இலையில் வைத்த கேசரியைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சீனி இல்லையா?"

"அதெல்லாம் இருக்கு. உக்காந்த எடத்துக்கு வருதே, அதான் பாக்கேன்."

அந்த நேரத்தில்தான் அத்தான் உள்ளே வந்தார். மத்தியானக் கோர்ட்டு இடைவேளையில் அவருக்கு அங்கே காப்பிப் பழக்கம் என்பது அக்காவுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

"அடடே, மாப்ள! எப்ப வந்திய?"

"இப்பத்தான் அத்தான். ஒரு துட்டி."

"அய்யய்யோ. யாரு?"

"கூட வேல பாத்தவரு அப்பா. எண்பத்திரெண்டு வயசு."

"எந்தத் தெரு?"

வாயில் வந்த ஒரு தெருவைச் சொன்னேன். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் வழக்கு அவருடைய வக்கீலிடம் இருந்தது. அவர் என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். என் மனைவியின் தலையைப் பார்த்தார். அப்புறம் இலையில் இருந்த கேசரியைப் பார்த்தார்.

"துட்டி வீட்டுல பூவும் குடுத்து அனுப்புனாகளாக்கும்?" என்றார்.

காப்பியை நின்றபடியே ஆற்றிக் குடித்தார். "இதுக்கும் சேத்துக் குடுத்துருங்க மாப்ள" என்று சொல்லி வெளியேறினார். நான் வாசல் வரை பின்னால் போனேன்.

"அத்தான், அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதிய."

"நான் என்ன சொல்லப் போறேன்? நீங்க வந்திய, சாப்பிட்டியன்னு மட்டும் சொல்லுதேன்."

கிளப்புக்கு ஐந்தணா ஆயிற்று, அவர் குடித்த காப்பியும் சேர்த்து.

திரும்பி வந்தபோது என் மனைவி தலையிலிருந்து பூவை எடுத்து மடியில் முடிந்திருந்தாள். கேசரி அப்படியே இருந்தது. காசு கொடுத்தாயிற்று, தின்றுவிடு என்றேன். தின்றாள்.

"இப்பவே அக்கா வீட்டுக்குப் போயிருவமா? போயி உள்ளதச் சொல்லிருவம்" என்றேன்.

"எப்பிடிப் போக? துட்டின்னு சொல்லியாச்சே. இந்தக் காலோட படி ஏறுனா நெசத்துக்குமே ஆகாதும்பாக. உள்ளதச் சொன்னா பொய் சொன்னோம்பாக."

அவள் சொன்னது சரி. இரண்டு பக்கமும் அடைக்கிற மாதிரி நான்தான் அந்தப் பொய்யைக் கட்டியிருந்தேன். இப்போது நாங்களே உள்ளே மாட்டிக்கொண்டோம். அரண்மனை பார்க்க வேண்டும் என்று அவள் காலையில் சொல்லியிருந்தாள். அங்கே போகவில்லை. வெயிலில் நடந்து நிலையத்துக்குப் போய், சாயங்கால வண்டி வரும் வரை ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வண்டி கிளம்பிய பிறகு அவள் பூவைச் சன்னல் வழியாகப் போட்டாள். துட்டிக்குப் போனவர்கள் பண்டம் வாங்கி வர முடியாதென்று குழந்தைகளுக்கும் ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருவரும் கிணற்றடியில் தலை முழுகினோம். சாகாத ஒருவருக்காகப் பனியில் தலை முழுகி எனக்குச் சளி பிடித்தது.

சனிக்கிழமை அக்கா மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். உள்ளே வரவில்லை. என் மூத்த பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் தாயி. ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல. ஒங்க அய்யா வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். கிளப்புல காசு குடுத்துக் குடிச்சிக்கிடுதேன்."

"அக்கா, உள்ள வந்து பேசு. தெருவே பாக்கு" என்றேன்.

"பாக்கட்டும்லே. வில்லிபுத்தூர்ல கிளப்பே பாத்துச்சே. நான் அடுப்பெரிச்சு ஒல வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன், எங்கூடப் பெறந்தவன் நாலு தெரு தள்ளிப் பொண்டாட்டியோட எச்சி இலைக்குத் துட்டுக் குடுக்கான். ஏன், நான் சோறு போடமாட்டேனா? போட்டா அளந்து போடுவேனா?"

"ஒரு துட்டிக்குத்தான் வந்தோம்..."

"எவம்லே செத்தான்? சொல்லு. ஒங்க அத்தான் அந்தத் தெருவுல வீடு வீடாக் கேட்டாச்சு. ஒரு கோழி கூடச் சாகல. நல்ல காரியம் பேசியிருக்க நேரத்துல, சாகாதவனச் செத்தான்னு சொல்லிட்டு வந்துருக்கியே, எம்மவன் மேல அது விழாதா?"

நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எண்பத்திரண்டு வயதுக்காரர் பிழைத்துவிட்டார் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் என் மனைவி முன்னால் வந்துவிட்டாள்.

"மதினி, அவிய மேல தப்பில்ல. நாந்தான் கேட்டேன். ஒருநாளாவது எந்த அடுப்படியிலயும் உக்காராம இருக்கணும்னு ஆசயா இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

அவள் உண்மையைச் சொன்னால் அக்கா இறங்கி வருவாள் என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா அவளையே பார்த்தாள். துட்டிப் பொய்யைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள்.

"என் அடுப்படி ஒனக்கு ஜெயிலா இருந்துச்சாட்டி?"

"அய்யோ, அப்பிடி இல்ல மதினி."

"பொறவு எப்பிடி? ஒனக்கு ஒருநாளு உக்காரப் பிடிக்காத அடுப்படியில ஒம்மக எப்பிடி ஆயுசுக்கும் உக்காருவா?"

செம்போடு நின்றிருந்த பெண் உள்ளே போய்விட்டாள். அக்கா வண்டியில் ஏறினாள். பங்குனி வந்தது, பரிசம் வரவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் மூலமாக மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். மூன்று தடவையும், "கேசரி நல்லா இருந்துச்சான்னு கேளுங்க" என்ற பதில்தான் வந்தது.

வைகாசியில் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண் ஒன்றைப் பையனுக்குக் கட்டினார்கள். இருபது பவுன் என்று கேள்வி. இருபது பவுன் சம்பந்தம் மூன்றே மாதத்தில் முளைக்காது. மாசிக்கு முன்பே பேச்சு நடந்திருக்க வேண்டும். அத்தான் கிளப்பில் கேசரியைப் பார்த்தபோது அவருக்கு மனதுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது. அக்கா சாகும் வரை அதை அவளிடம் கேட்கவும் முடியவில்லை. அவள் துட்டிக்கு நான் போனேன். நேரே வீட்டுக்கு வந்து குளித்தேன்.

என் பெண்ணுக்குத் தேவதானத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். உறவில்லாத அசல். அவர்களுக்கு முறையும் கிடையாது, இரக்கமும் கிடையாது. பெண் அங்கே ஒரு கூட்டுக் குடும்பத்தில் பதினான்கு பேருக்கு வடித்துக் கொட்டினாள். அக்கா பையன் போலீஸில் சேர்ந்து ஊர் ஊராகப் போனான். அவன் மனைவி போன ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தாளாம்.

என் மனைவி அதன் பிறகு எங்கேயும் போக வேண்டும் என்று கேட்கவில்லை. கோபம் வரும்போதெல்லாம் நான் அந்த நாளின் கணக்கை அவளிடம் வரிசையாகச் சொல்வேன். முழுவதையும் கேட்டுக்கொள்வாள். கடைசியாக ஒரு தடவை சொன்னபோது, அவள் படுக்கையில் இருந்தாள். "கோபுரம் பன்னெண்டு நிலதான்" என்றாள்.

ரயிலுக்கு எட்டணா. வண்டி, அர்ச்சனை, பூ, கிளப்பு எல்லாம் சேர்த்து அன்றைக்கு ஒரு ரூபாய் மூன்றணா. தேவதானத்தாருக்கு ரொக்கம் நானூறு. ஐந்து பவுனுக்குப் பதில் பதினைந்து போட்டதில், கூடுதலான பத்துப் பவுனுக்கு இருநூற்று முப்பத்தைந்து. அதற்காக வாங்கிய கடனுக்கு, அடைத்து முடிக்கும் வரை கட்டிய வட்டி தொண்ணூற்றாறு. ஆக மொத்தம் எழுநூற்று முப்பத்திரண்டு ரூபாய் மூன்றணா.