உண்ணாமலை சோப்பில் சேர்த்தவை

மோகனூருக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டில் உண்ணாமலையும் அவள் கணவன் குழந்தைவேலும் பதினான்கு வெள்ளாடுகள் வைத்திருந்தார்கள். 1977இல் ஐப்பசி மழை விட்ட கையோடு துள்ளுமாரி நோய் வந்தது. காலையில் குதித்துக்கொண்டிருந்த குட்டி, மத்தியானம் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். நாலே நாளில் ஒன்பது குட்டிகளைப் புதைத்தார்கள். தாய் ஆடுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் பால் குடிக்க ஆளில்லாமல் மடி கட்டிப்போய் அவை கத்தியதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

உண்ணாமலை ஒவ்வொன்றாகப் பிடித்து உட்கார்ந்து கறந்தாள். தூக்குப்போசி நிறையப் பால். டீக்கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாடை அடிக்கிறது என்று வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

“எங்கியாச்சும் ஊத்திட்டு வா புள்ள. இதப் போயி தூக்கிட்டு அலையற” என்றான் குழந்தைவேல்.

அவளுக்கு ஊற்ற மனம் வரவில்லை. குட்டிகள்தான் போயின, பாலையுமா மண்ணில் விடுவது?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அயோத்தியாப்பட்டணத்தில் அக்கா வீட்டில் தங்கி, துணி சோப்புக் கொட்டகை ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பாகும் என்பது அவளுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதற்கு இடது மணிக்கட்டில் ஒரு தழும்பே இருந்தது. அந்தக் கொட்டகையில் எண்ணெயைவிட மாக்கல் தூள்தான் அதிகம் செலவாகும். எடை நிற்கவும் கட்டி கெட்டிப்படவும் மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அங்கே வேலை செய்த யாரும் அந்தச் சோப்பைத் தங்கள் உடம்பில் போட மாட்டார்கள்.

பாலை வைத்துக் குளிக்கிற சோப்புப் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

முதல் தடவை தண்ணீருக்குப் பதிலாகப் பாலிலேயே சோடாவைப் போட்டாள். பால் கொதித்துத் திரிந்து, செங்கல் நிறத்துக்கு மாறி, மூக்கை அறுக்கிற நாற்றம் அடித்தது. ஆடுகள்கூட அந்தப் பக்கம் வராமல் வேலியோரமாக ஒதுங்கி நின்றன. இரண்டாம் தடவையும் அதே கதிதான். சோடா கரையும்போது கிளம்புகிற சூடுதான் பாலைக் கருக்குகிறது என்று பிடிபட அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சூடு முழுக்க அடங்கும் வரை மூடி வைத்தாள். விடியற்காலையில் கறந்த பாலைத் தூக்குப்போசியில் இறுக்கி மூடி, கயிறு கட்டி, அறுபதடிக் கிணற்றுத் தண்ணீரில் கழுத்தளவு முங்க விட்டாள். எண்ணெயோடு சோடாக் கரைசலைச் சேர்த்துக் கிண்டி, அது கம்பங்கூழ் பதத்துக்கு வந்த பிறகே குளிர்ந்த பாலைச் சிறுகச் சிறுக விட்டாள்.

கருகவில்லை. சீம்பால் நிறத்தில் வழுவழுவென்று வந்தது.

எண்ணெய்க்கு அவள் தொலைதூரம் போகவில்லை. ஆற்றோரத் தோப்புத் தேங்காய்தான் நுரை கொடுத்தது. காட்டு வரப்பில் விளைந்த ஆமணக்கு விளக்கெண்ணெயானது. அது சேர்ந்தால்தான் தோல் இழுக்காமல் இருக்கும். வண்டிப்பாதையில் கொட்டிக் கிடக்கும் புங்கங்காயைப் பொறுக்கிச் செக்கில் கொடுத்து ஆட்டினாள். சொறி சிரங்குக்குப் புங்கெண்ணெய் நல்லது; ஆனால் கொஞ்சம் கூடினாலும் கசப்பு வாடை தூக்கிவிடும் என்பதால் அதில் மட்டும் கையை இறுக்கிப் பிடித்தாள். பால் வாடையை அடக்கப் பூலாங்கிழங்குப் பொடி போட்டாள். படியால் அளந்து போட்ட ஒரு ஈடு சோப்பு முழுக்கப் பொடிந்துபோனதும், மோகனூர் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னத் தராசைத் தேடிப் பிடித்தாள். அதிலிருந்து அவள் கண்ணால் அளந்து எதையும் போட்டதில்லை.

நாற்பது நாள் மூங்கில் தட்டில் காய்ந்த பிறகு, கட்டியின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். சுரீரென்று பிடித்தால் சோடா இன்னும் மிச்சம் இருக்கிறது, அதை யாருக்கும் தர மாட்டாள். சப்பென்று இருந்தால் சோப்பு தேறிவிட்டது.

முதலில் வாங்கியவர்கள் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் பெண்கள். கரும்புத் தோகை கிழித்த கையில் மற்ற சோப்புப் பட்டால் காந்தும். இது காந்தவில்லை. அத்தாயி என்கிற கரும்பு வெட்டுக்காரி ஒருநாள் வந்து முழங்கை வரை நீட்டிக் காட்டினாள்.

“பாரக்கா, பத்து நாள்ல எப்புடி ஆறிப்போச்சுன்னு. எங்க ஆளுங்க எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒண்ணு வேணுமாம்.”

அன்றைக்கு உண்ணாமலை ராத்திரிச் சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். உட்காரத் தோன்றவில்லை.

மூன்று வருடத்தில் சோப்பு சேலம் போனது. செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்த வீரபாகு அதை வாங்கி விற்றார். நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. “கொஞ்சூண்டு மாக்கல் தூள் சேத்தா என்னம்மிணி? கட்டி பெருசாத் தெரியும், சனங்க பெருசத்தான் எடுப்பாங்க” என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவள், “அப்புடீன்னா வேற ஆளப் பாத்துக்குங்க” என்று எழுந்துவிட்டாள். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

1983இல் புதிதாக ஒரு சோப்பு கடைத்தெருவுக்கு வந்தது. உறையின் மேல் ஆட்டுப் படம், ஆட்டுப்பால் சேர்ந்தது என்ற எழுத்து, பாதி விலை. யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆறே மாதத்தில் அதைப் போட்டவர்களுக்குத் தோல் வெடித்தது, குழந்தைகளுக்குத் தடித்தது. ஆட்டுப்பால் சோப்பு என்றாலே ஏமாற்று என்று பேச்சாகிவிட்டது. வீரபாகு கடையில் உண்ணாமலையின் கட்டிகள் அப்படியே தேங்கின.

“எனக்குத் தெரியும் அம்மிணி. ஆனா கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் அவர்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. வர்ற வெள்ளிக்கிழம உங்க கடை வாசல்ல இடம் மட்டும் உடுங்க. நான் வந்து செஞ்சே காட்டறேன்.”

சொன்னபடியே வந்தாள். எண்ணெய்ப் பாத்திரங்களைக் குழந்தைவேல் சுமந்துகொண்டான். அவள் கையில் கயிறு, கயிற்றின் முனையில் கருப்பு வெள்ளாடு ஒன்று. நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறும்போது கண்டக்டர் மறித்தார்.

“ஆட்ட மேல ஏத்துங்கக்கா.”

“மேல ஏத்துனா மெரண்டு போயி பால உள்ள இழுத்துக்குமுங்க. என் காலுக்கடியில நிக்கும். அதுக்கும் ஒரு சீட்டுக் குடுங்க.”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆடு சேலம் வரை அவள் முழங்கால்களுக்கு நடுவில் நின்றபடி வந்தது.

கடை வாசலில் ஆட்டைப் பார்த்ததும் கூட்டம் தானாகச் சேர்ந்தது. உண்ணாமலை யாரையும் கூவி அழைக்கவில்லை. எல்லார் கண்முன்னும் பால் கறந்தாள். கிணறு இல்லாத குறைக்கு எதிர்ச் சர்பத் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, அதன் நடுவே பாலை வைத்தாள். வீரபாகுவின் தராசிலேயே அவரையே எல்லாவற்றையும் நிறுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் கலக்குமுன் அதன் பேரைச் சொல்லிச் சுற்றி நின்றவர்களிடம் நீட்டினாள். சிலர் முகர்ந்து பார்த்தார்கள், ஒருவர் விளக்கெண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

சோடாவை எடுத்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. ஜானகியம்மாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிற டீச்சர்.

“காஸ்டிக் சோடாவா? அது தோலை அரிச்சிடுமே. அதைப் போட்டுட்டு நல்ல சோப்புன்னு எப்படிச் சொல்றீங்க?”

உண்ணாமலை மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைக் காட்டினாள். “அரிக்குமுங்க டீச்சர். இங்க பாருங்க, என்னையவே அரிச்சிருக்குது. ஆனா இது இல்லாம எண்ணெ சோப்பு ஆகாதுங்க. அளவாப் போட்டா எண்ணெ அதத் தின்னு தீத்துரும். நாப்பது நாள் கழிச்சு வாங்க. நானே நாக்குல வெச்சுக் காட்டறேன்.”

“நாற்பது நாள்ல நீங்க வேற கட்டியை மாத்தி வெச்சுட்டா?”

கூட்டம் உண்ணாமலையின் முகத்தைப் பார்த்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. இப்படிக் கேட்கிற ஒருத்திக்காகத்தானே அவள் எழுபது கிலோமீட்டர் ஆட்டோடு வந்திருந்தாள்!

“மரப்பெட்டியிலதாங்க ஊத்தப்போறேன். நாளைக்குக் கெட்டியானதும் முதலாளி துண்டு போட்டு வெக்கட்டும், நீங்களே வந்து ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்தக் கீறிருங்க.”

டீச்சர் மறுநாள் வந்து கொண்டையூசியால் கீறிவிட்டும் போனார்.

நாற்பதாம் நாள் அதே வாசலில் முன்னிலும் பெரிய கூட்டம். ஜானகியம்மாள் தன் எழுத்தைச் சரிபார்த்து ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார். உண்ணாமலை நாக்கு நுனியில் வைத்தாள். கண்கூட இமைக்கவில்லை. பிறகு இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் வாங்கி, ஒன்றில் தன் சோப்பையும் இன்னொன்றில் பாதி விலைச் சோப்பையும் சீவிப் போட்டுக் கலக்கி வைத்தாள். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவளுடைய டம்ளரில் பால் போலக் கலங்கிய தண்ணீர் மட்டும். மற்றதில் இரண்டு விரல்கடைக்கு வெள்ளை மண் அடியில் படிந்து கிடந்தது.

ஜானகியம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தானும் கட்டியை நாக்கில் வைத்துப் பார்த்தார். “நான் பதினஞ்சு வருசமா பாடம் நடத்தறேம்மா. இதை இவ்வளவு தெளிவா நான் ஒருநாளும் செஞ்சு காட்டினதில்ல” என்றார்.

உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற குழந்தைவேல்தான், யாரும் கேட்காமலே, “எங்கூட்டுக்காரிங்க” என்றான்.

தேங்கிய கட்டிகள் அந்த வாரமே தீர்ந்தன. வீரபாகு மேலுறை அச்சடிக்க ஏற்பாடு செய்தார். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் எழுத வேண்டும் என்று உண்ணாமலை கேட்டிருந்தாள். மாதிரித் தாள் வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆட்டுப்பால், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், புங்கெண்ணெய், பூலாங்கிழங்கு. அவ்வளவுதான்.

“சோடா எங்கீங்க?”

“அத எதுக்கம்மிணி போடறது? சனங்க பயந்துக்குவாங்க.”

“நடுத்தெருவுல வெச்சுக் காட்டிட்டு, காகிதத்துல மறைக்கச் சொல்றீங்களா? போட்டத எழுதுங்க, போடாதத எழுதாதீங்க. பயந்தா எங்கிட்ட வந்து கேக்கட்டும்.”

வீரபாகு பேனாவை எடுத்துக் கையாலேயே சேர்த்து எழுதி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினார். புதுத்தாளில் காஸ்டிக் சோடா மற்றவற்றோடு சமமான எழுத்தில் வந்தது. கடைசி வரியில், அவள் கேட்காமலே அவர் சேர்த்தது: ‘செய்தவர் கு. உண்ணாமலை, மோகனூர்.’

எண்பதுகளின் கடைசியில் மேட்டுக்காட்டில் முப்பத்திரண்டு ஆடுகள் நின்றன. அத்தாயியும் இன்னும் மூன்று பெண்களும் கரும்பு வெட்டை விட்டுவிட்டு அங்கே கிண்டவும் நிறுக்கவும் செய்தார்கள். செய்முறையை மறைத்து வைக்கச் சொல்லி வீரபாகு எத்தனையோ தடவை சொன்னார். உண்ணாமலை மறைக்கவில்லை. கேட்டு வந்த எவளுக்கும் தராசை முன்னால் வைத்து எடை முதற்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். சேந்தமங்கலம் பக்கம் ஒருத்தி அதே மாதிரி போட்டு விற்கிறாள் என்று தெரிந்தபோது ஒரு கட்டியை வரவழைத்து, ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் போட்டிருக்குறா” என்று அத்தாயியிடம் சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் போய் அன்றைய பாலை நிறுக்க உட்கார்ந்தாள்.