இரண்டாவது வால்வு

என் வாழ்நாளில் ஒரே ஒரு துரையின் காலைத்தான் நான் அவித்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எனக்கு மாலையே போட்டிருப்பார்கள். பயத்தில் செய்தேன். அதனால் பெருமை பேசவும் வழியில்லாமல் போய்விட்டது.

ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு அப்போதுதான் லொறி வந்திருந்தது. தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும். ஓட்டியவர் பதுளைக் கடைத்தெருவிலிருந்து வந்த முஸ்லிம் டிரைவர். அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா. நானும் நானா என்றுதான் கூப்பிடுவேன். நான் கிளீனர். அதாவது, மழையானாலும் பனியானாலும் வெளியே படிப்பலகையில் தொங்கிக்கொண்டு போகிறவன். உள்ளே நானாவுக்குப் பக்கத்தில் துரை உட்கார்ந்திருப்பார்.

துரைக்கு வாதம். பனியில் கால்விரல்கள் மரத்துப்போகும். அதற்காகத் தொழிற்சாலைக் கொல்லனைக் கொண்டு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். என்ஜினில் கொதிக்கும் தண்ணீர் ஒரு செம்புக்குழாய் வழியாக அவர் காலடிக்கு வந்து, சுற்றிவிட்டு, மறுபடி என்ஜினுக்கே போகும். தண்ணீர் வருகிற வழிக்கு மேலே ஒரு வால்வு, திரும்புகிற வழிக்குக் கீழே ஒரு வால்வு. இரண்டும் என்ஜின் மூடிக்குள். லயத்திலும் வாதக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் காலில் சுற்றிக்கொள்ளச் சாக்குத்துணி.

"ஒண்ண மட்டும் பூட்டினா மத்த பக்கத்தால தண்ணி வரும். ரெண்டையும் பூட்டணும். வெளங்குதா, இல்ல மண்டையத் தொறந்து ஊத்தணுமா?" என்று நானா காலைதோறும் கேட்பார். நான் தலையாட்டுவேன்.

விளங்கவில்லை என்பதுதான் நிஜம். நான் பீலியில் குளித்து வளர்ந்தவன். மலைத்தண்ணீர் மூங்கில் வழியே லயத்து மூலையில் இரவும் பகலும் கொட்டும். அதை யாரும் பூட்டியதில்லை. நிறுத்த வேண்டுமென்றால் வாயில் துணியைத் திணிப்போம். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

எங்கள் துரை கோபம் வந்தால் அடிக்கமாட்டார். பத்துச்சீட்டு எழுதிக் கொடுப்பார். வாங்கியவன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு குடியிருக்கும் காம்பிராவைக் காலிபண்ணிவிட்டுத் தோட்டத்தைவிட்டுப் போய்விட வேண்டும். என் மனைவி அப்போது ஏழு மாதம். நானாவுக்கு நான்கு பெண்பிள்ளைகள், கடைசியாகப் பிறந்தது கைக்குழந்தை.

அன்றைக்கு அப்புத்தளை ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவொன்றில், துரையின் காலடியில் குழாயின் பொருத்து விட்டுப்போனது. புஸ்ஸென்று ஆவி. துரை ஆங்கிலத்தில் கத்தினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நானா பிரேக்கை மிதித்து லொறியை நிறுத்தினார். காலை எடுத்தால் பெட்டிகளோடு பின்னால் பள்ளத்துக்குப் போய்விடுவோம். அவரால் அசைய முடியாது. துரையாலும் இறங்க முடியவில்லை. அவர் பக்கத்துக் கதவை மறித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"ரெண்டையும் பூட்டுடா!"

நான் என்ன செய்தேன்? போர்த்தியிருந்த கம்பளியை உருவி, கதவைத் திறந்து உள்ளே குனிந்து, அறுந்த குழாயின் வாயில் திணித்தேன். பீலிக்குச் செய்வதைச் செய்தேன். மலைத்தண்ணீர் என்றால் அடங்கியிருக்கும். கொதிதண்ணீர் கம்பளியைச் சுற்றிப் பக்கவாட்டில் பீய்ச்சியடித்து, அதுவரை தப்பியிருந்த துரையின் இடது காலையும் பிடித்துக்கொண்டது.

பிறகுதான் முன்னால் ஓடினேன். மூடியைத் தூக்கி, கை சுட, மேல் வால்வைத் திருகிப் பூட்டினேன். அப்படியே நிமிர்ந்து நின்று, வேலை முடிந்தவனைப் போல, "பூட்டிட்டேங்க" என்று அறிவித்தேன். உள்ளே கீழ்வழியாகத் தண்ணீர் ஏறி வந்துகொண்டே இருந்தது. நானா கத்தியது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கடைசியில் தண்ணீர் நின்றது. நான் நிறுத்தவில்லை. என்ஜினிலிருந்து வரக்கூடியதெல்லாம் வந்து தீர்ந்திருந்தது.

சக்கரத்துக்குக் கட்டை வைத்தபின் துரையை வழியோரம் இறக்கி உட்கார வைத்தோம். தோல் உரிந்த கால்களைப் பார்க்க, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு முட்டியது. பயத்தில் எனக்கு அப்படித்தான் வரும். துரை என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னை நேராகப் பார்த்ததே இல்லை.

"டிரைவர் ஒனக்கு என்ன சொன்னான்?"

நானா என்னைப் பார்த்தார். நான் நிஜத்தைச் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும். என்னைப் பற்றி அவர் போட்ட கணக்கில் அது ஒன்றுதான் பிழை.

"மேல இருக்கிறத மட்டும் பூட்டச் சொன்னாருங்க தொர" என்றேன்.

வால்வைப் பூட்டத் தெரியாதவனின் வாய் அதை மட்டும் தடுமாறாமல் சொன்னது.

மறுநாள் மத்தியானம் நானா பத்துச்சீட்டோடு கிளம்பினார். மனைவி தலையில் பெட்டி, பெரியவளின் இடுப்பில் கைக்குழந்தை. பதுளைக்கு நடந்தே போகிறார்கள் என்றார்கள். நான் லொறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் நேராக அங்கேயே வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"மத்தது கீழ இருக்கு, இடது பக்கம். அடுத்த டிரைவர் என்னப்போல கத்தமாட்டான், நீயே தெரிஞ்சு வச்சுக்க" என்றார்.

அவர்கள் தலை மறைந்ததும், வற்றிப்போன என்ஜினுக்கு ஊற்றத் தண்ணீர் வாளியை எடுத்துவந்தேன். மூடியைத் தூக்கினேன். செம்புக்குழாயைக் கொல்லன் கழற்றிப் போயிருந்தான். வால்வுகள் மட்டும் எதற்கென்று தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே இருந்தது பூட்டியபடியே இருந்தது. இடது பக்கம் கையை விட்டுக் கீழே இருந்ததைத் திருகினேன்.

அரைச்சுற்று. கைக்குழந்தைகூடத் திருப்பியிருக்கும்.