சீனி லோரிக்காரர் குடித்த தேத்தண்ணி

மலேசியாவில், கலும்பாங்கில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடைக்குச் சீனி கொண்டுவரும் லோரிக்காரரின் பெயரை நான் கேட்டதே இல்லை. கழுத்தில் ஈரத் துண்டு கிடக்கும். காது மடலில்கூடச் சீனித் தூள் ஒட்டியிருக்கும். மூட்டைகளை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி கேட்பார், சீனி இல்லாமல். இனிப்பு நீர் வியாதிக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஊர் முழுக்க நெய் உருண்டைக்கு ஓடர் வாங்கி வைத்திருந்தேன். பத்து மூட்டை சொல்லியிருந்தேன். அவர் இரண்டை இறக்கிவிட்டு லோரிக் கதவைச் சாத்தினார்.

“மத்தது எங்கண்ணே?”

“அவ்வளவுதான் தங்கச்சி. இந்தியாக்காரன் வெளிய அனுப்ப மாட்டேங்கிறான். தாய்லாந்துல கரும்ப விட்டுட்டு மரவள்ளி போடுறானாம். பிரேசில் கப்பலத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. அங்கயும் மழை இல்லையாம் லா.”

“அடுத்த வாரம் வருமா?”

அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கு எனக்குச் சீனி போட்டுக் குடு,” என்றார்.

“உடம்புக்கு ஆகாதேண்ணே?”

“எனக்கு ஒரு வியாதியும் இல்ல. நாளெல்லாம் தூக்கித் தூக்கித் திகட்டிப் போச்சு, அதான் குடிக்கல.”

நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார். கிளாஸைக் கழுவ எடுத்தேன். எல்லார் கிளாஸிலும் அடியில் கரையாத சீனி கொஞ்சம் கிடக்கும். இதில் விரலால் வழித்த தடம் மட்டும் இருந்தது.

கிளாஸைக் கழுவாமல் கீழே வைத்தேன். பிறகு அந்த இரண்டு மூட்டைகளையும் யார் கண்ணிலும் படாத மூலைக்கு இழுத்துப் போட்டேன்.