புக்கெகோஹியில் மூன்று மணி நேர நித்திரை

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மனுரேவாவில் ரெயில் ஏறினேன். பாபகூராவுக்கு ஒன்றரை டொலர். பெட்டியில் என்னோடு ஆறு பேர். எல்லோரும் அரைத் தூக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் தம்பி ரூபன் ஊரில் ஷெல் விழுந்து செத்து அன்றைக்கு இருபத்தேழாம் நாள். செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. முந்தின கிழமை வேலையில் பெட்டி மடிக்கும் மெஷினுக்குள் கை போகப் பார்த்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வீட்டிலேயே நிற்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

பாபகூராவில் செல்வன் அண்ணை காரோடு நின்றார். எனக்கு நான்கு வருஷம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர். புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை.

“டொக்டரிட்டப் போனனியோ?” என்று காரை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“ஓம் அண்ணை. குளிசை தந்தவர். அதைப் போட்டா நித்திரையும் வரேல்லை, முழிப்பும் வரேல்லை.”

“அப்ப ஜூனிட்டப் போவம். என்னோட வேலை செய்தவள். சாக்குத் தூக்கி முதுகு போனாப்பிறகு வீட்டிலை நிக்கிறாள். அவளிட்ட வேறை மருந்து கிடக்கு.”

“என்ன மருந்து?”

“கஞ்சா.”

நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். கார் ஐம்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணை, என்ரை விசா அலுவல் இன்னும் முடியேல்லை. பொலிஸ் பிடிச்சா?”

“நாங்கள் ஒண்டும் காவிக்கொண்டு வரப்போறேல்லையடா. அங்கை தின்னுறம், அங்கை படுக்கிறம், வெறுங்கையோட வாறம். கொழும்பிலை மதனமோதகம் எண்டு ஆயுள்வேத மருந்து டப்பாவிலை விக்கிறாங்களே, அதுக்குள்ளையும் இதுதான். என்ரை மாமா அதைத் திண்டிட்டுத் தன்ரை கலியாண வீட்டிலையே நித்திரை கொண்டவர்.”

பதினெட்டுக் கிலோமீட்டர் கிட்ட ஓடினோம். இரண்டு பக்கமும் உழுத தோட்டங்கள். மண் எங்கள் சுன்னாகத்து மண் போலச் சிவப்பு. ஆனால் கிணறு இல்லை, பனை இல்லை, வேலியும் இல்லை. ஒரு தோட்டத்தின் முடிவு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

பத்தரைக்கு ஜூன் வீடு. நாற்பது வயதிருக்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் பின்னால் தக்காளிக்கு நடுவில் நாலு செடி. எனக்கு இங்கிலீஸ் கொஞ்சம்தான், பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. அவள் சொன்னதை அண்ணை தமிழாக்கினார்.

“இது கட்டை இனமாம். இண்டிகா எண்டு பேர். ஆப்கானிஸ்தான் மலைப்பக்கத்துச் சாதி. குளிர் வர முந்திப் பூத்து முடிஞ்சிடுமாம், அதாலை இஞ்சை நல்லா வருதாம்.”

செடி என் நெஞ்சளவுகூட இல்லை. புதர் போல அடர்த்தி. இலை மரவள்ளி இலையைப் போல விரிந்திருந்தது, விரல்கள் மட்டும் இன்னும் அகலம், ஓரமெல்லாம் மரம் அரியும் வாளின் பல். பூவைத் தொட்டேன். பலாப்பால் போல ஒட்டிக்கொண்டது. பழுத்த கொய்யாவோடு டீசல் கலந்த மணம்.

“நெட்டையா, ஒல்லி இலையோட இன்னொரு இனம் இருக்காம். அது மண்டைக்குள்ளை ஏறி ஓயாமல் கதைக்க வைக்குமாம்,” என்றார் அண்ணை. “எங்கடை ஆக்களுக்கு அது வேண்டாம் எண்டு சொன்னனான். இது உடம்புக்குள்ளை இறங்கிற சாதி.”

குசினியில் ஜூன் ஒரு தட்டில் பிஸ்கற் வைத்தாள். செடியை வெண்ணெயில் காய்ச்சி வடித்துச் செய்ததாம். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“அண்ணை, இதுக்குள்ளை முட்டை கிடக்கோ எண்டு கேளுங்கோ.”

“என்ன?”

“தம்பியின்ரை முப்பத்தோராம் நாள் வரைக்கும் மச்சம் மாமிசம் தொடாதை எண்டு அம்மா ரெலிபோனிலை சொன்னவ. முட்டையும் மச்சம்தானே.”

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு ஜூனிடம் கேட்டார். ஜூன் சிரிக்கத் தொடங்கி, முதுகு நோவில் நிறுத்தி, மறுபடி சிரித்தாள்.

“முட்டை இல்லையாம். கஞ்சா மட்டும்தானாம். சுத்த சைவம். தின்.”

பாதி பிஸ்கற் தின்றேன். பச்சைப் புல்லும் வெண்ணெயும் சேர்ந்த ருசி. அரை மணி நேரமாகியும் ஒன்றும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கால் கனத்தது. நாக்கு உலர்ந்தது. மடியில் ஒரு வெங்காயச் சாக்கை யாரோ மெதுவாக வைத்தது போல இருந்தது, ஆனால் நோகவில்லை. கழுத்துக்குப் பின்னால் இத்தனை நாளும் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை எடுத்தது. சுவர் மணிக்கூடு இரண்டு அடிக்கு நடுவில் நெடுநேரம் எடுத்தது. ரூபன் செத்துப்போனான் என்பது தெரிந்துதான் இருந்தது. அது எங்கும் போகவில்லை. அதைத் துரத்திக்கொண்டு ஓடாமல் பக்கத்தில் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். வராந்தாவில் ஒரு பழைய சோபா. அதில் சாய்ந்தது ஞாபகம்.

எழும்பும்போது மூன்று மணி. எனக்கு மேல் ஒரு கம்பளி. வயிற்றில் அப்படி ஒரு பசி. ஜூன் அந்த மண்ணில் கிண்டிய உருளைக்கிழங்கை அவித்து, உப்பும் சாதாரண வெண்ணெயும் போட்டுத் தந்தாள். ஆறு தின்றேன். ஏழாவதை அண்ணையின் தட்டிலிருந்து எடுத்தேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

புறப்படும்போது ஜூன் மிச்சப் பிஸ்கற்றைக் கடதாசியில் சுற்றி நீட்டினாள். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். விசாப் பயம் பாதி. மீதிப் பாதி, இனிமேல் நித்திரை தானாக வரும் என்ற ஒரு நம்பிக்கை.

அண்ணை என்னை மனுரேவா வரைக்கும் கொண்டுவந்தார். பாபகூரா தாண்டின பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நித்திரையிலை கதைச்சனி, தெரியுமோ?”

“என்னெண்டு?”

“ரூபன், சாப்பிட்டியோ எண்டு கேட்டனி. ரெண்டு தரம். பேந்து அழுதனி. நல்லா அழுதனி. ஜூன்தான் வந்து போர்த்திவிட்டவள்.”

கண்ணாடியைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். அழுததாலோ பிஸ்கற்றாலோ, இரண்டு கண்ணும் செம்பருத்தி.

வீட்டு வாசலில், என்னோடு ரூம் எடுத்திருக்கும் மோகன் நின்றான்.

“என்னடா, கண் இப்பிடிச் சிவந்து கிடக்கு?”

கார் யன்னலுக்குள் செல்வன் அண்ணையின் முகம் வெளிறியது.

“அழுதனான்,” என்றேன்.

மோகன் என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.