நான் குறுக்கிய வசனங்கள்

"நான் பேசியது நீளம். நீங்கள் அவருக்குச் சொன்னது மிகக் கட்டை. எல்லாவற்றையும் சொன்னீர்களா, மடாம்?"

சென்ற மார்கழியில், மொன்றியலில் அப்பாவின் ஞாபகமறதியைப் பரிசோதிக்கப் போன ஒரு கிளினிக்கில், தாதி என்னிடம் இப்படிக் கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்குத்தான் சுர்ரென்றது. அப்பா அம்மாவுக்காக எட்டு வயதிலிருந்து மொழிபெயர்த்து வருபவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யட்டுமா என்று முன்கூட்டியே கேட்டவர்களிடம், நான் இருக்கிறேன், வேறு ஆள் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். "தமிழில் எதையும் சுருக்கமாகச் சொல்லலாம்," என்று நிமிர்ந்திருந்து பிரெஞ்சில் பதில் சொன்னேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரான லவாலுக்குப் போய் வந்த கதையைத் தொலைபேசியில் சொல்ல ஒரு மணித்தியாலம் எடுப்பவர்கள் நாங்கள்.

நடந்தது இதுதான். மேசையில் இருக்கும் தாளை வலது கையால் எடுத்து, இரண்டாக மடித்து, பிறகு கதிரைக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள் என்று தாதி ஒரே மூச்சில் சொன்னார். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். "அப்பா, தாளை எடுங்கோ." எடுத்தார். "மடியுங்கோ." என் இரண்டு உள்ளங்கைகளும் தாமாகவே சேர்ந்தன. மடித்தார். "கீழ வையுங்கோ." என் விரல் கதிரையைக் காட்டியது. வைத்தார். ஒரு வசனத்தை மூன்றாக உடைத்ததோ, என் கைகள் அசைந்ததோ அப்போது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அப்படிப் பேசிப் பேசியே பழகியிருந்தேன். வயதோடு வரும் தாமதம்தான் இது, மெதுவாகப் பேசுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். மெட்ரோவில் அப்பா உற்சாகமாக இருந்தார். "என்ர மோளைக் கண்டு தாதியே பயந்து போச்சுது," என்று பெரிய சத்தமாகச் சொன்னார். எதிரே இருந்த ஒருவர் தலையை உயர்த்திப் பார்த்தார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போர் துரத்தி இங்கே வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். ஓய்வு பெறும்வரை அதே இடம். அங்கே மேற்பார்வை செய்யும் போர்மன் பிரெஞ்சில் கடகடவென்று பேசுவாராம். அப்பா "வி, வி", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சரியான பெட்டியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பாராம். "பாஷை என்னத்துக்கு? ஆளின்ர கையைப் பார், போதும்," என்று சாப்பிடும்போது நடித்துக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். வங்கியில், கராஜில், பிள்ளைகளின் பள்ளியில், பாதி விளங்காமல் "வி" சொல்லி வெளியே வந்து, மீதியை வழியில் கூட்டிப் பார்த்தவர்கள்தானே நாமெல்லோரும்? விளங்காததை விளங்கியதுபோலக் காட்டுவதுதான் இந்த நாட்டில் நாம் கற்ற முதல் பாடம். ஒரு நோய் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

வைகாசியில் அம்மாவின் பிரஷர் குளிசையை மாற்றினார்கள். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மருந்தெல்லாம் அப்பாவின் பொறுப்பு. வேலையிடத்திலிருந்து அவசரமாக அழைத்தேன். "அப்பா, அம்மாவுக்குக் குடுக்கிற பழைய குளிசையை இண்டையோட நிப்பாட்டிப்போட்டு, நேற்று வாங்கின புதுசைக் காலமைச் சாப்பாட்டுக்கு முதல் குடுங்கோ, என்ன?"

"ஓம் ஓம் பிள்ளை."

மூன்றாம் நாள் காலை அம்மா குசினியில் தலை சுற்றி, சிங்க்கைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார். குளிசைப் பெட்டியைத் திறந்தேன். நான் அழைத்த நாளிலிருந்து பழையதிலும் புதியதிலும் மூன்று மூன்று குறைந்திருந்தன.

"ஏன் அப்பா ரெண்டையும் குடுத்தனீங்கள்?"

"நீதானே பிள்ளை சொன்னனீ. பழசு, புதுசு எண்டு."

அம்மா சுவரில் சாய்ந்தபடி, "உன்ர அப்பாவை ஏசாதை. கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் சொல்லுறது ஒண்டும் அந்தாளுக்கு விளங்கினதில்லை," என்றார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு விளங்காமல் போனது பிரெஞ்சு அல்ல, தமிழ். பேசியது அந்நியர் அல்ல, நான். தொலைபேசியில் என் கைகள் மட்டும்தான் இல்லை. தாதியின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் கேட்டது. அதன் பிறகு வீட்டுக்குள் யார் "ஓம்" என்றாலும் திடுக்கிட்டேன். அப்பா இதுவரை சொன்ன ஓம்களில் எத்தனை வெறும் ஓம்கள்?

அடுத்த ஞாயிறு, துவைத்த துணிகளை அப்பாவும் நானும் மடித்துக்கொண்டிருந்தோம். அப்பா சட்டையை மடித்தால் கடையில் வாங்கியதுபோல இருக்கும். கைகளைத் துணியின் மேலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, கிளினிக்கில நான் உங்களுக்கு உதவி செய்துபோட்டன்."

அவர் ஒரு துவாயை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "தெரியும். உன்ர கையைத்தான் பாத்தனான்."

"எவ்வளவு நாளா?"

"கனநாள். போர்மனின்ர கையைப் பாத்த மாதிரி." பிறகு, சொல்லைத் தேடித் தேடி, "நீ கெதியாக் கதைக்கேக்க சத்தம் வருது. தமிழ்தான். உன்ர குரல்தான். உள்ளுக்க போகுதில்லை," என்றார்.

"ஏன் அப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"படிச்ச பிள்ளை. உனக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

மடித்த துணியை எதற்காகவோ பிரித்து மறுபடி மடித்தேன். "திரும்பப் போவம் அப்பா. வேற ஆள் கதைப்பினம். நான் வெளியில இருப்பன்."

"எங்க இருப்பாய்?"

"கதவடியில."

"அப்ப சரி," என்றார்.

மறுநாள் கிளினிக்கை அழைத்தேன். அதே தாதி. அன்று நான் சொன்னது உண்மையல்ல, வசனத்தை உடைத்துக் கையாலும் காட்டிவிட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. வயதினால் மட்டும் வரும் தாமதம் என்றால், மெதுவாகச் சொல்லி நேரம் கொடுத்தால் பெரும்பாலும் விளங்கிவிடும் என்றார். ஞாபகமறதி நோயின் தொடக்கத்தில், பேச்சு நன்றாகவே இருக்கும்போதுகூட, நீளமான வசனம் முடிவதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடுவதுண்டு. இரண்டில் எது என்று பார்க்க வேண்டும் என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் சரிதானே என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தெரிந்தவர் வேண்டும் என்றேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இன்று காலை வந்தோம். படிவத்தில் உடன் வருபவருக்கு இரண்டு கட்டங்கள்: மொழிபெயர்ப்பாளர், உறவினர். போன முறை இரண்டிலும் அடையாளமிட்டேன். இன்று ஒன்றில் மட்டும். மொழிபெயர்க்க வந்த அக்கா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அப்பா திரும்பிப் பார்த்தது என் முகத்தை அல்ல. நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். கதவு சாத்தப்பட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளும் அந்த அறைக்குள் இருந்தன. நான் வெளியே இருந்தேன்.

மெல்லிய கதவு. தாதியின் பிரெஞ்சு கேட்டது. அதன் பின்னால் அந்த அக்காவின் தமிழ், நிதானமாக, உடையாமல், முழு நீளத்துக்கு வந்தது. "ஐயா, மேசையில கிடக்கிற தாளை வலக்கையால எடுத்து, ரெண்டா மடிச்சு, பேந்து கதிரைக்குக் கீழ வையுங்கோ."

"ஓம்," என்றார் அப்பா.

பிறகு தாள் மடியும் சத்தமோ கதிரை அசையும் சத்தமோ கேட்கவில்லை. நான் எழுந்து கதவைத் தட்டவில்லை. என் கோட்டுப் பைக்குள், வரவேற்பில் தந்த இலக்கத் துண்டு இரண்டாக மடிந்திருந்தது.