வியர்த்த துப்பாக்கி

மித்சுயோவை நான் முதலில் பார்த்தது காவல் நிலையத்தில். உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் வருடந்தோறும் சரிபார்க்கும் ஏப்ரல் மாதப் பரிசோதனை. வேட்டைக்காரர்கள் வரிசையில் ஒரே ஒரு பெண்மணி. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைதோவின் கிழக்குப் பகுதியில் பீட்ரூட் விவசாயம். பள்ளியை விட்டு முப்பத்தைந்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்து, முதல் தடவையிலேயே பரீட்சையில் தேறி உரிமம் வாங்கியவர். ஓடைப் பக்கத்து வயலில் நட்ட நாற்றையெல்லாம் மான்கள் மொட்டையடித்துவிட்டுப் போனதுதான் காரணம். இந்த வருடமும் அப்படியானால் அந்த வயலையே விட்டுவிடலாம் என்று கணவர் தெத்சுஹேய் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பு மித்சுயோ இரும்புப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டுக்குள். இருந்தாலும் மடக்கித் திறந்து, மேலும் கீழுமாக இருந்த இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய உள்பக்கம், செம்மண் பூசினாற்போல் இருந்தது.

கொஞ்சம் யோசித்ததும் காரணம் பிடிபட்டது. பிப்ரவரியில் ஒருநாள், மைனஸ் இருபது குளிரில் காட்டிலிருந்து திரும்பிய நேரம், கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த தெத்சுஹேய் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். துப்பாக்கியைப் பூட்டாமல் போனால் சட்டப்படி குற்றம். குளிர்ந்த இரும்பை, அடுப்பு எரியும் அறையிலிருந்த பெட்டிக்குள் அப்படியே வைத்துப் பூட்டிவிட்டார். அறையின் சூட்டில் காற்றின் ஈரம் படிந்து, உள்ளே அது வியர்த்துக் கொட்டியிருக்கிறது.

உரிமம் இல்லாதவர் கை படக் கூடாது என்பதால் தெத்சுஹேய் வாசற்படியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். பெட்டிச் சாவி எங்கேன்னு இன்னும் எனக்குச் சொல்லல. பூட்டிப் பூட்டியே துருப்பிடிக்க வச்சுட்ட."

"நான் இல்ல, உங்க முதுகுதான் துருப்பிடிக்க வச்சது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எண்ணெயை நல்லா தடவி விடேன். போலீஸ்காரருக்குத் தெரியவா போகுது?"

"போலீஸ்காரரா சுடப் போறாரு? என் கன்னத்துல ஒட்டி வச்சு நான்தானே சுடணும்."



குழலைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து பித்தளைத் தூரிகையை விட்டுத் தள்ளினார் மித்சுயோ. எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் துணித் துண்டுகளைத் தள்ளினார். முதல் துண்டு காப்பிப் பொடி நிறத்தில் வந்தது. பதினான்காவது வெள்ளையாக வந்தது. தேங்கிய எண்ணெயும் ஆபத்து என்று உலரத் துடைத்தார். கீழ்க்குழல் பளிச்சென்று ஆகிவிட்டது. மேல்குழலில் இரண்டு இடம் மங்கலாகவே இருந்தது. துரு அரித்துக் குழிதான் விழுந்திருக்கிறதோ? அந்தச் சந்தேகத்தோடு சுட அவருக்கு மனமில்லை. இரண்டு மணி நேரம் வண்டியோட்டிப் போய், துப்பாக்கிக் கடை நகாசேயிடம் கொடுத்தார்.

நகாசே விளக்கை விட்டுப் பார்த்தார். குழலை அளக்கும் கம்பியை விட்டுப் பார்த்தார்.

"அக்கா, இதை வெந்நீர்த் தொட்டியில குளிப்பாட்டினீங்களா?"

மித்சுயோ சிரிக்கவில்லை. "சுடலாமா, கூடாதா?"

"கறைதான், குழி இல்ல. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா விழுந்திருக்கும். தாராளமா சுடலாம்."

பரிசோதனை முடிந்த மறுவாரமே மான் விரட்டும் குழுவோடு ஓடைக்கரைக்குப் போனார்.

மித்சுயோவுக்கு இப்போது அறுபத்தொன்று வயது. துப்பாக்கி அதேதான். காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, பெட்டியை அடுப்பில்லாத வடக்கு அறைக்கு மாற்றிவிட்டார். ஓடைப் பக்கத்து வயலில் மூன்றாவது வருடமாக பீட்ரூட் விளைகிறது.